சின்சினாட்டி: சொந்தமாக ரயில் பாதை போட்ட நகரம்

அமெரிக்காவின் பழைய நகரங்கள் என்றதும் பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா என்று கிழக்குக் கடற்கரை ஊர்கள்தான் நம் நினைவுக்கு வரும். கடலை விட்டு வெகுதூரம் தள்ளி, அப்பலாச்சியன் மலைத்தொடரையும் தாண்டி, உள்நாட்டில் முதலில் பெரிதாக வளர்ந்த நகரங்களில் ஒன்று சின்சினாட்டி. ஒஹையோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், ஒஹையோ ஆற்றின் வடகரையில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் கென்டக்கி மாநிலம்.

1850ல் இதன் மக்கள் தொகை 1,15,435. அன்றைய அமெரிக்காவில் ஆறாவது பெரிய நகரம். இன்று அந்தப் பட்டியலில் மிகவும் பின்தங்கிவிட்டது. ஆனாலும் ஒரு நகரத்தை யார் ஆள்வது, யாருடைய ஓட்டுக்கு எவ்வளவு மதிப்பு, பொதுச் சொத்தை என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு இந்த ஊர் கண்ட விடைகளும், அந்த விடைகளைத் தானே அழித்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

பெயர் வந்த கதை

1788 டிசம்பரில் இங்கே குடியேற்றம் தொடங்கியது. அப்போது வைத்த பெயர் லொசான்டிவில். ஜான் ஃபில்சன் என்ற பள்ளி ஆசிரியர் பல மொழிகளைக் கலந்து செய்த சொல் இது. எதிர்க்கரையில் வந்து சேரும் லிக்கிங் ஆற்றின் முதல் எழுத்து, வாய் என்பதற்கு லத்தீன் சொல், எதிரே என்பதற்கு கிரேக்கச் சொல், ஊர் என்பதற்கு பிரெஞ்சுச் சொல். சேர்த்துப் படித்தால் 'லிக்கிங் ஆற்றின் முகத்துவாரத்துக்கு எதிரே உள்ள ஊர்'!

1790ல் இங்கு வந்த ஆளுநர் ஆர்தர் செயின்ட் கிளேருக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. சுதந்திரப் போரில் சண்டையிட்ட அதிகாரிகள் அமைத்திருந்த 'சின்சினாட்டி சங்கம்' என்ற அமைப்பின் உறுப்பினர் அவர். அதன் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார். சின்சினாட்டஸ் என்பவர் பழைய ரோமாபுரியில் வாழ்ந்தவர். நாட்டுக்கு ஆபத்து வந்தபோது ஏரை விட்டுவிட்டு வந்து முழு அதிகாரத்தையும் ஏற்று, போர் முடிந்ததும் அதிகாரத்தைத் துறந்து மறுபடி உழப் போனவர் என்று சொல்வார்கள். அதிகாரத்தை விட்டுக் கொடுத்தவரின் பெயரைத் தாங்கிய ஊர் இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலம் ஆளில்லாமல் கிடக்கவில்லை. ஷானி, மயாமி முதலிய பழங்குடியினர் வாழ்ந்த, வேட்டையாடிய பூமி. 1791 நவம்பரில் செயின்ட் கிளேர் நடத்திச் சென்ற படையை அவர்கள் தோற்கடித்தார்கள். 600க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் ஒரே நாளில் மாண்டார்கள். 1795ல் கிரீன்வில் உடன்படிக்கையில் பழங்குடியினர் இன்றைய ஒஹையோவின் பெரும்பகுதியை இழந்தார்கள். அதன் பிறகுதான் குடியேறிகள் அலை அலையாக வந்தார்கள்.

பன்றியும் சோப்பும்

ரயில் வருவதற்கு முன் ஆறுதான் நெடுஞ்சாலை. 1811 முதல் ஒஹையோ ஆற்றில் நீராவிப் படகுகள் ஓடத் தொடங்கின. 1827ல் கால்வாய் திறந்தது. 1845ல் அது வடக்கே ஈரி ஏரி வரை நீண்டது. சுற்றுவட்டார விவசாயிகள் சோளத்தைப் பன்றிகளுக்குப் போட்டு வளர்த்து, இந்த ஊருக்கு ஓட்டி வந்து விற்றார்கள். தெருவெல்லாம் பன்றி. அதனால் 'போர்க்கோபோலிஸ்', அதாவது பன்றிமாநகர் என்று கேலிப் பெயர் வந்தது.

இறைச்சியை உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்து ஆற்று வழியே அனுப்பினார்கள். மீந்த கொழுப்பிலிருந்து மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்தார்கள். மெழுகுவர்த்தி செய்த வில்லியம் ப்ராக்டரும் சோப்பு செய்த ஜேம்ஸ் கேம்பிளும் அக்காள் தங்கையைக் கட்டிய சகலைகள். மாமனார் சொன்ன யோசனைப்படி 1837ல் கூட்டுச் சேர்ந்தார்கள். நம் ஊர்க் கடைகளில் ஏரியல், டைடு, விக்ஸ் விற்கும் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் இதுதான். தலைமையகம் இன்றும் சின்சினாட்டியில்தான்.

ஆற்றுக்கு அக்கரை அடிமை, இக்கரை?

ஒஹையோவில் அடிமை முறை கிடையாது. எதிரே கென்டக்கியில் உண்டு. ஆகவே ஒரு ஆற்றைக் கடப்பதுதான் அடிமைக்கும் சுதந்திர மனிதனுக்கும் இடையிலான தூரம். ஆனால் கடந்து வந்தவர்களுக்கு இங்கே விரித்த கம்பளம் ஒன்றும் இல்லை. ஒஹையோவில் குடியேறும் கறுப்பினத்தவர் நன்னடத்தைக்கு 500 டாலர் பிணை காட்ட வேண்டும் என்று 1807ல் ஒரு சட்டம் வந்தது. நெடுநாள் ஏட்டில் தூங்கிய அந்தச் சட்டத்தை 1829ல் சின்சினாட்டி திடீரென்று அமல்படுத்தக் கிளம்பியது. கூடவே வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவர் குடியிருப்புகளைத் தாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். அவர்களில் சிலர் கனடா வரை சென்று வில்பர்ஃபோர்ஸ் என்ற புதிய ஊரையே உருவாக்கினார்கள்.

1836ல் அடிமை முறையை எதிர்த்த ஜேம்ஸ் பெர்னியின் பத்திரிகை அச்சகம் உடைக்கப்பட்டு ஆற்றில் வீசப்பட்டது. தெற்கத்திய வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு இருந்தது. 1841ல் மறுபடியும் கலவரம்.

அதே ஊரில்தான் லெவி காஃபின் போன்றவர்கள் தப்பி வந்த அடிமைகளை ஒளித்து வைத்து வடக்கே அனுப்பினார்கள். 1832 முதல் 1850 வரை இங்கே வாழ்ந்த ஹாரியட் பீச்சர் ஸ்டோ, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் வைத்து எழுதிய நாவல்தான் 1852ல் வெளிவந்த 'அங்கிள் டாம்ஸ் கேபின்'. 1856 ஜனவரியில் உறைந்து கிடந்த ஆற்றின் மேல் நடந்து மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் குடும்பத்தோடு தப்பி வந்தார். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது, குழந்தை மறுபடி அடிமையாக வேண்டாம் என்று தன் கையாலேயே மகளைக் கொன்றார். டோனி மாரிசன் 1987ல் எழுதிய 'பிலவ்ட்' நாவலுக்கு வித்து இந்தச் சம்பவம்.

ரைன் நதிக்கு அப்பால்

ஜெர்மனியிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்து கால்வாய்க்கு வடக்கே குடியேறினார்கள். கால்வாயைத் தாண்டுவது ரைன் நதியைத் தாண்டுவது போல என்று வேடிக்கையாகச் சொல்லப் போய், அந்தப் பகுதிக்கு 'ஓவர் தி ரைன்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. பீர் ஆலைகள், பாட்டுச் சங்கங்கள், ஜெர்மன் பத்திரிகைகள் எல்லாம் பெருகின. 1840 முதல் நகரத்தின் பொதுப் பள்ளிகளிலேயே ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

வந்தவர்களைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். 1855 மேயர் தேர்தலின்போது, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை எதிர்த்த கட்சியின் கும்பல் ஜெர்மானியர் வட்டங்களின் ஓட்டுச் சீட்டுகளை அழித்தது. ஜெர்மானியர்கள் கால்வாய்ப் பாலங்களில் தடுப்பு அமைத்துப் பீரங்கியோடு நின்றார்கள். முதல் உலகப் போரின்போது வெறுப்பு மறுபடி தலை தூக்கியது. 1918ல் ஜெர்மன் தெரு இங்கிலீஷ் தெரு ஆனது. பிரெமன் தெரு ரிபப்ளிக் தெரு ஆனது. பள்ளிகளில் ஜெர்மன் பாடமும் போயிற்று.

ஊர் கூடித் தேர் இழுத்தது

சின்சினாட்டியின் நல்ல முகம் பொதுக் காரியங்களில் தெரியும்.

1842ல் பேராசிரியர் ஆர்ம்ஸ்பி மிட்செல் ஒரு வானாய்வகம் கட்ட ஆசைப்பட்டார். அரசிடம் பணம் இல்லை. ஆளுக்கு 25 டாலர் பங்கு என்று 300 பேரிடம் வசூலித்தார். பங்கு வாங்கியவருக்குத் தொலைநோக்கியில் வானத்தைப் பார்க்கும் உரிமை உண்டு. 1843ல் முன்னாள் ஜனாதிபதி ஜான் குயின்சி ஆடம்ஸ் வந்து அடிக்கல் நாட்டினார். அந்தக் குன்றுக்கே ஆடம்ஸ் குன்று என்று பெயராகிவிட்டது. அன்று வாங்கிய தொலைநோக்கியில் இன்றும் பொதுமக்கள் வானம் பார்க்கிறார்கள்.

தீயணைப்புக் கதை இன்னும் சுவையானது. அந்தக் காலத்தில் அமெரிக்க நகரங்களில் தீயணைப்பது தன்னார்வக் குழுக்களின் வேலை. யார் முதலில் தண்ணீர் அடிப்பது என்று குழுக்களுக்குள் அடிதடி நடக்கும். 1851ல் ஒரு மர இழைப்பு ஆலை தீப்பிடித்தபோது குழுக்கள் தங்களுக்குள் சண்டையிட, ஆலை எரிந்து சாம்பலாயிற்று. ஊர் பொறுமை இழந்தது. ஏபெல் ஷாக், அலெக்சாண்டர் லாட்டா என்ற இருவர் நீராவியால் இயங்கும் தீயணைப்பு இயந்திரம் செய்து காட்டினார்கள். 1853 ஏப்ரல் 1 அன்று சம்பளம் வாங்கும் ஆட்களும் நீராவி இயந்திரமும் கொண்ட தீயணைப்புத் துறை தொடங்கியது. அமெரிக்காவில் இப்படி அமைந்த முதல் துறை இதுவே.

இசைக்கும் ஊர்ப் பணம் சேர்ந்தது. 1875 இசை விழாவில் இடி மழை வந்து தகரக் கூரையில் கொட்ட, பாட்டு கேட்கவில்லை. ரூபன் ஸ்பிரிங்கர் என்ற வணிகர் 'நான் 1,25,000 டாலர் தருகிறேன், ஊர் அதே அளவு போடட்டும்' என்றார். ஊரும் போட்டது. 1878ல் எழுந்த மியூசிக் ஹால் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

நகராட்சி போட்ட ரயில் பாதை

உள்நாட்டுப் போர் முடிந்தபோது சின்சினாட்டிக்கு ஒரு கவலை. சரக்கெல்லாம் ஆற்றை விட்டு ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தெற்கே போகும் ரயில் போட்டி நகரமான லூயிவில் கையில். தனியார் யாரும் பாதை போட முன்வரவில்லை. நகரம் தனியார் கம்பெனிக்குப் பணம் கொடுக்கவும் முடியாது. மாநில அரசியல் சட்டம் 1851லேயே அதைத் தடை செய்திருந்தது.

எட்வர்ட் ஃபெர்குசன் என்ற வக்கீல் சட்டத்தை ஊன்றிப் படித்தார். கம்பெனிக்குப் பணம் கொடுக்கத்தான் தடை இருக்கிறது. நகரமே நேரடியாக ரயில் பாதை போடக் கூடாது என்று எங்கும் எழுதவில்லையே! 1869ல் அதற்கான சட்டம் வந்தது. ஒரு கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் பெருவாரியாக ஓட்டுப் போட்டார்கள். கென்டக்கியின் குன்றுகளைக் குடைந்து, டென்னசி மாநிலத்தின் சட்டனூகா வரை சுமார் 337 மைல் பாதை 1880ல் முடிந்தது. நினைத்ததை விடச் செலவு கூடியது. ஆனால் பாதை நகரத்தின் சொத்து. 1881ல் ஒரு ரயில் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். பல மாநிலங்களைக் கடக்கும் ரயில் பாதையைச் சொந்தமாக வைத்திருந்த ஒரே அமெரிக்க நகரம் என்ற பெயர் நூறாண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

எரிந்த நீதிமன்றமும் மதுக்கடைக்காரர் ஆட்சியும்

1883ல் வில்லியம் பெர்னர் என்ற இளைஞன் தன் முதலாளியைப் பணத்துக்காகக் கொன்றான். ஜூரிகள் அதைக் கொலைக் குற்றமாகக் கொள்ளாமல் குறைத்துத் தீர்ப்பளித்தார்கள். 20 ஆண்டு சிறை கிடைத்தது. நீதிமன்றத்தைப் பணத்தால் வளைக்கலாம் என்று ஏற்கனவே குமுறிக்கொண்டிருந்த மக்கள் 1884 மார்ச் 28 அன்று மியூசிக் ஹாலில் கூடினார்கள். கூட்டம் முடிந்ததும் சிறைச்சாலையை நோக்கிப் போனார்கள். மூன்று நாள் கலவரத்தில் 50க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நீதிமன்றக் கட்டடம் ஆவணங்களோடு எரிந்து போனது. அதே கொலையில் கூட்டாளியான கலப்பினத்தவர் ஜோ பால்மர் பிறகு தூக்கிலிடப்பட்டார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்குப் பின் எழுந்தவர் ஜார்ஜ் காக்ஸ். மதுக்கடை நடத்தியவர். பெரிய பதவி எதிலும் உட்காராமலேயே சுமார் 25 ஆண்டுகள் நகரத்தைக் கையில் வைத்திருந்தார். வேட்பாளர், வேலை, ஒப்பந்தம் எல்லாம் அவர் கண்ணசைவில். 1916ல் அவர் இறந்த பின் வாரிசாக வந்த ஹைனிக்கா இன்னும் ஒரு படி மேலே போய், நியூயார்க்கில் இருந்தபடியே சின்சினாட்டி அரசியலை நடத்தினார்!

விளைவு, சாலைகள் குண்டும் குழியுமாயின. கஜானா காலி. பாழடைந்த கால்வாயில் சுரங்க ரயில் போட 1916ல் மக்கள் 60 லட்சம் டாலருக்கு ஒப்புதல் தந்திருந்தார்கள். போர் வந்து தாமதமாகி, விலைவாசி ஏறி, 1920ல்தான் வேலை தொடங்கியது. 1927 வாக்கில் பணம் தீர்ந்து நின்றது. ஒரு ரயில் கூட ஓடவில்லை. சென்ட்ரல் பார்க்வே சாலைக்கு அடியில் சுமார் 2 மைல் சுரங்கம் இன்றும் சும்மா கிடக்கிறது. ஓடாத ரயிலுக்கான கடனை 1966 வரை கட்டினார்கள்.

ஓட்டுச் சீட்டில் ஒரு புரட்சி

1923ல் மர்ரி சீசன்குட் என்ற வக்கீல், புதிய வரி கேட்ட நகர ஆட்சியைப் புள்ளிவிவரங்களோடு பிளந்து கட்டினார். மக்கள் அந்த வரியை ஓட்டெடுப்பில் தோற்கடித்தார்கள். அடுத்த ஆண்டே, 1924 நவம்பரில், நகர சாசனத்தையே மாற்றும் திட்டம் இரண்டுக்கு ஒன்றுக்கும் மேலான ஓட்டு வித்தியாசத்தில் வென்றது.

மாற்றங்கள் மூன்று. 32 பேர் கொண்ட நகர சபை 9 பேராகச் சுருங்கியது. அன்றாட நிர்வாகத்தை, நம் மாநகராட்சி ஆணையரைப் போன்ற ஒரு தொழில்முறை நகர மேலாளரிடம் கொடுத்தார்கள். ஆனால் அவரை நியமிப்பது நகர சபை. மூன்றாவதுதான் முக்கியம்: விகிதாசாரப் பிரதிநிதித்துவம். வாக்காளர் தன் விருப்பப்படி 1, 2, 3 என்று வேட்பாளர்களுக்கு வரிசை எண் போடுவார். பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஓட்டு வாங்கினால் ஓர் இடம் உறுதி. மீந்த ஓட்டுகளும், தோற்றவர்களின் ஓட்டுகளும் அடுத்த விருப்பத்துக்குப் போகும். நம் நாட்டில் மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடும் முறையும் இதுவே.

1926ல் சீசன்குட் மேயரானார். மோசமாக ஆளப்பட்ட நகரம் என்று பெயரெடுத்த ஊர், சில ஆண்டுகளில் நன்றாக ஆளப்படும் நகரங்களுக்கு உதாரணமாகக் காட்டப்பட்டது. 1937 ஜனவரியில் ஒஹையோ ஆறு 80 அடி வரை உயர்ந்து குடிநீரும் மின்சாரமும் நின்றபோது, நகர மேலாளர் டைக்ஸ்ட்ரா ஊரைச் சமாளித்த விதம் பாராட்டப்பட்டது.

சிறுபான்மையினருக்கும் சபையில் இடம் கிடைத்தது. 1931ல் ஃபிராங்க் ஹால் முதல் கறுப்பின உறுப்பினரானார். பின்னர் தியோடர் பெர்ரி என்ற வக்கீல் வந்தார். 1955 தேர்தலுக்குப் பின் அவர் துணை மேயர். அப்போதெல்லாம் மேயரை நகர சபையே தேர்ந்தெடுக்கும். அடுத்த மேயர் பெர்ரிதான் என்ற பேச்சு பரவியது.

இந்த ஓட்டு முறையை ஒழிக்க முன்பே நான்கு முறை முயன்று தோற்றிருந்தார்கள். 1957ல் ஐந்தாவது முயற்சி. இம்முறை 'கறுப்பின மேயர் வந்துவிடுவார்' என்ற பயம் வீடு வீடாகப் பரவியது. விகிதாசார முறை தோற்றது. அதே ஆண்டுத் தேர்தலில் பெர்ரியும் தோற்றார். 30 ஆண்டுகளுக்கு மேல் நன்றாக ஓடிய ஒரு முறை, அது எதற்காக ஏற்பட்டதோ அதைச் செய்ததற்காகவே கழற்றி வீசப்பட்டது.

அதே காலகட்டத்தில் நெடுஞ்சாலைக்காகவும் 'நகரப் புதுப்பிப்பு' என்ற பெயரிலும் வெஸ்ட் எண்ட் பகுதி இடிக்கப்பட்டது. 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தங்களுக்காகப் பேசச் சபையில் ஆள் இல்லாதபோது யார் வீடு இடிபடும் என்பதற்கு இதை விட வேறு விளக்கம் தேவையில்லை. பெர்ரி விடவில்லை. 1963ல் சபைக்குத் திரும்பினார். 1972ல் நகரின் முதல் கறுப்பின மேயரானார்.

மாணவர்களும் சொட்டு மருந்தும்

கல்லூரியில் படித்துக்கொண்டே தொழிற்சாலையில் மாறி மாறி வேலை பார்க்கும் 'கோ-ஆப்' முறை தெரியுமா? 1906ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 மாணவர்களோடு தொடங்கி வைத்தது அது. அப்போது அந்தப் பல்கலைக்கழகமும் நகரத்தின் சொத்து; 1977ல்தான் மாநிலத்திடம் போனது.

இந்த ஊரின் குழந்தைகள் மருத்துவமனையில் ஆய்வு செய்தவர்தான் ஆல்பர்ட் சேபின். அவர் கண்ட வாய்வழி போலியோ சொட்டு மருந்தை 1960 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை, இங்குள்ள குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். நம் ஊரில் போலியோ முகாம் நாட்களில் குழந்தைகள் வாயில் விழுந்த சொட்டுகளின் பூர்வீகம் அதுதான்.

2001ம் அதன் பிறகும்

2001 ஏப்ரல் 7 அன்று ஓவர் தி ரைன் பகுதியில் ஆயுதம் ஏதும் இல்லாத 19 வயது கறுப்பின இளைஞர் ஒருவர் போலீஸ்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1995க்குப் பின் போலீஸ் நடவடிக்கைகளில் இறந்த பதினைந்தாவது கறுப்பினத்தவர் அவர். ஊர் கொந்தளித்தது, ஊரடங்கு போட்டார்கள். 2002ல் நகரம், போலீஸ் சங்கம், கறுப்பின அமைப்பு, சிவில் உரிமை அமைப்பு எல்லாம் நீதிமன்ற மேற்பார்வையில் உட்கார்ந்து ஒரு கூட்டு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. பொதுமக்கள் புகாரை விசாரிக்கத் தனி அமைப்பு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பிற நகரங்கள் எடுத்துப் படிக்கும் ஆவணமாக அது ஆனது.

1950ல் 5 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள் தொகை 2010ல் 2,96,943 ஆகச் சரிந்து, 2020ல் 3,09,317 ஆகக் கொஞ்சம் ஏறியது. 2022 ஜனவரியில் ஆஃப்தாப் பியூர்வால் மேயரானார். தந்தை பஞ்சாபி, தாய் திபெத்திய அகதியாக இந்தியாவில் வளர்ந்தவர். 1855ல் ஜெர்மானியர்களின் ஓட்டுச் சீட்டையே அழித்த ஊரில் இது நடந்தது.

அந்த ரயில் பாதை? 2023 நவம்பரில் அதை நார்ஃபோக் சதர்ன் கம்பெனிக்கு 160 கோடி டாலருக்கு விற்கலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் இரண்டரைக் கோடி டாலர் குத்தகை தரும் சொத்தை விற்பதா என்று ஒரு தரப்பு. மொத்தப் பணத்தை முதலீடு செய்தால் வருமானம் கூடும், சாலையும் பாலமும் பழுது பார்க்கலாம் என்று மறு தரப்பு. சிறு வித்தியாசத்தில் விற்பவர்கள் பக்கம் வென்றது. 2024 மார்ச்சில் பாதை கைமாறியது. பணம் அறக்கட்டளையில் போடப்பட்டது; அதன் வருமானத்தை ஏற்கனவே இருக்கும் சாலை, கட்டடம் போன்றவற்றுக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று விதி.

1869ல் பாதை போட ஓட்டுப் போட்டவர்களின் கொள்ளுப் பேரர்கள் அதை விற்க ஓட்டுப் போட்டார்கள். சரியா தவறா என்பது இன்னும் 30, 40 வருடம் கழித்து, அந்த அறக்கட்டளையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். பாதை போட்டபோதும், சாசனத்தை மாற்றியபோதும், பெர்ரியைத் தடுத்தபோதும், பாதையை விற்றபோதும் முடிவு செய்தது அந்த ஊர் மக்களின் ஓட்டுதான். நல்லதும் கெட்டதும் அதே பெட்டியிலிருந்துதான் வந்தன.